புதுத் தொட்டி கலங்குகிறது, நாறுகிறது: ஐந்தாவது முறை கழுவாதீர்கள்

கேள்வி இது: "மூன்று வாரத்துக்கு முன்பு மகன் பிறந்தநாளுக்காக ஒன்றரை அடி நீளத் தொட்டி வாங்கினேன். நான்கு கோல்டு ஃபிஷ், இரண்டு மோலி, 'தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும்' என்று கடையில் கொடுத்த ஒரு சக்கர். நாலாம் நாளே தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லைக் கழுவி, மறுபடி நிரப்பினேன். மூன்றே நாளில் அதே கதை. இதுவரை நாலு தடவை கழுவியாகிவிட்டது. இப்போது நாற்றமும் வருகிறது, காலையில் ரொம்ப மோசம். ஒரு கோல்டும் ஒரு மோலியும் போய்விட்டன. கடையில் கேட்டால் நீல மருந்து ஊற்றி முழுத் தண்ணீரையும் மாற்றச் சொல்கிறார்கள். ஃபில்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, இரவில் மட்டும் சத்தம் என்று நிறுத்திவிட்டுப் படுக்கிறோம். என்ன செய்வது?"

பாதி விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. ஃபில்டருக்குப் பிறகு வருகிறேன். முதலில், அந்த வாளியைக் கீழே வையுங்கள். தொட்டியை இன்னொரு முறை கவிழ்க்க வேண்டாம். உங்கள் தண்ணீர் அழுக்கானதால் கலங்கவில்லை, நீங்கள் கழுவக் கழுவத்தான் கலங்குகிறது. கேட்க வேடிக்கையாக இருக்கும். நானும் முதல் தொட்டியில் இதையேதான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், கல்லை அரிசி களைவது போல நாலு தண்ணீரில் களைந்து, வெயிலில் காயவைத்து, பாத்திரம் விளக்கும் சோப்பால் கண்ணாடியைத் தேய்த்து, மாலையில் பளபளவென்று கொண்டுவந்து வைப்பேன். புதன்கிழமைக்குள் பால். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மீன் பக்கவாட்டில் மிதக்கும். மறுபடி ஞாயிறு வரும்.

நடப்பது என்னவென்றால், மீன் தின்றது போக வெளியேற்றும் கழிவில் முக்கியமானது அமோனியா. அது செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அமோனியாவாகத்தான் மாறும். ஆற்றிலும் குளத்திலும் இதைத் தின்றே வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது. செடி இருந்தால் அதற்கு உரம். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் இல்லை. அது குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், நம் ஊர் வெயிலில் சில சமயம் கொஞ்சம் சீக்கிரம். கடைக்காரர்கள் "தண்ணி இன்னும் செட் ஆகலை" என்பது இதைத்தான். ஆனால் செட் ஆக வேண்டியது தண்ணீர் அல்ல. இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகவும் குறைவு. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லின் மேலும் கண்ணாடியிலும் வழவழவென்று ஒட்டிக்கொண்டுதான் வாழும். நீங்கள் கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவும்போது சாக்கடைக்குப் போவது அதுதான். நாலு முறை கழுவியிருக்கிறீர்கள் என்றால், உங்கள் தொட்டிக்கு வயது மூன்று வாரம் அல்ல, மூன்று நாள்.

அப்படியானால் அந்தப் பால் நிறம்? அதுவும் பாக்டீரியாவேதான், ஆனால் வேறு சாதி. மிச்சத் தீனி, கழிவு, சளி என்று கரைந்து கிடக்கும் எதையும் தின்று வளர்வது. நல்ல தீனி கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். அமோனியா தின்னும் கூட்டமோ ஒரு முறை இரட்டிப்பாகவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். காலி மனையில் முதலில் முளைப்பது எருக்கஞ்செடிதானே, தென்னையா முளைக்கும்? ஒவ்வொரு முறை கழுவும்போதும் நீங்கள் மனையைக் காலி செய்து கொடுக்கிறீர்கள். கண்ணுக்கு அசிங்கமே தவிர, இந்தப் பால் நிறம் நேராக மீனைக் கொல்வதில்லை. தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அது உறிஞ்சிக்கொள்வதுதான் தொல்லை. உங்கள் இரண்டு மீன்களைக் கொன்றது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத அமோனியா.

அதனால்தான் தண்ணீரைத் தெளியவைக்கும் குறுக்கு வழிகளை நம்ப வேண்டாம் என்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் படிகாரத்தை ஒரு சுற்று சுற்றச் சொல்வார்கள், தேற்றாங்கொட்டையை இழைத்து விடச் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீரில் மண் கலங்கலுக்கு அது அருமையான வைத்தியம். மீன் தொட்டியில் கலங்கல் படிந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், அமோனியா அப்படியே இருக்கும். படிகாரம் தண்ணீரின் அமிலத்தன்மையை வேறு புரட்டிவிடும். நீல மருந்தும் அப்படித்தான். பெரும்பாலும் அது மெத்திலீன் புளூ. பூஞ்சை வந்த மீனைத் தனிப் பாத்திரத்தில் வைத்து வைத்தியம் பார்க்க நல்ல மருந்து. தொட்டியிலேயே ஊற்றினால் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும், சிலிகான் ஒட்டு வருஷக்கணக்கில் நீலமாகவே நிற்கும்.

சரி, நாற்றத்துக்கு வருவோம். இங்கே உங்கள் மூக்குதான் முதல் சோதனைக் கருவி. நல்ல தொட்டிக்கும் ஒரு வாசனை உண்டு. மூடியைத் திறந்தால் முதல் மழையில் நனைந்த மண் மாதிரி லேசாக அடிக்கும். அழுகின முட்டை நாற்றம் என்றால் எங்கோ காற்றுப் புகாத இடத்தில் கழிவு அழுகுகிறது. கருவாட்டு நாற்றம் என்றால் செத்த மீனைத் தேடுங்கள். என் அக்கா வீட்டில் இரண்டு வாரம் ஊதுவத்தி ஏற்றியே சமாளித்தார்கள். "மீன் எல்லாம் சரியாத்தான்டா இருக்கு" என்றாள். எண்ணினால் ஒன்று குறைந்தது. ஃபில்டருக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில், உறிஞ்சும் கப்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு மோலி பாதி கரைந்து கிடந்தது. அதனால் இன்று முதல் வேலையாக உங்கள் மீன்களை எண்ணுங்கள். பொம்மைக் கோட்டை, குகை மாதிரி ஏதாவது உள்ளே வைத்திருந்தால் தூக்கிப் பாருங்கள். இறந்த இரண்டையும் முழுசாக எடுத்தீர்களா என்பதையும் யோசியுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் அடுத்து ஃபில்டர். காலையில் நாற்றம் மோசம் என்று சொன்னதும் எனக்கு இதுதான் தோன்றியது. இரவு பத்து மணிக்கு நிறுத்துகிறீர்கள். அந்த ஸ்பாஞ்சுக்குள் நாள் முழுக்க இழுத்து அடைத்த கழிவு இருக்கிறது. ஓட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீரும். நமக்கு வேண்டிய பாக்டீரியா மூச்சுக்குத் திணறும், காற்றில்லாமல் வாழும் அழுகல் பாக்டீரியா கொண்டாடும். காலை ஆறு மணிக்கு சுவிட்சைப் போட்டதும் அந்த அழுகல் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் பீய்ச்சி அடிக்கிறது. நாளைக் காலை சுவிட்சைப் போடும் முன் ஃபில்டரை வெளியே எடுத்து ஸ்பாஞ்சை முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். இரவெல்லாம் அசைவில்லாமல் கிடந்த தண்ணீரில் மீனுக்கும் ஆக்சிஜன் குறைவு. விடியற்காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

ஃபில்டர் என்பது தண்ணீரை வடிகட்டும் சாதனம் மட்டும் அல்ல, அந்தப் பாக்டீரியாவின் வீடு. இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். கரண்ட் பில் கவலை என்றால், இந்த அளவுத் தொட்டிக்கான ஃபில்டர் 5 வாட் அளவில்தான் இழுக்கும். மாதம் முழுக்க நிறுத்தாமல் ஓட்டினாலும் 3.6 யூனிட்தான். சத்தம்தான் பிரச்சினை என்றால், பெரும்பாலும் மோட்டாருக்குள் சுழலும் அந்தச் சின்ன விசிறியில் மணல் துகளோ முடியோ சிக்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்துப் போட்டால் பாதிச் சத்தம் போய்விடும். ஃபில்டர் கண்ணாடியில் நேராக இடிக்கிறதா என்றும் பாருங்கள். மின்வாரியப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாட்களில், கரண்ட் வந்ததும் உடனே ஓடவிடாமல், ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு மாட்டுங்கள். அந்த நாட்களுக்கென்று பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கி வைத்தால் தப்பில்லை.

மூன்றாவதாகக் கல். ஒரு குச்சியை எடுத்து மூலையில் மெதுவாகக் கிளறுங்கள். குமிழி வந்து முட்டை நாற்றம் அடித்தால், கல்லுக்கு அடியில் கறுத்த சேறு பிடித்திருக்கிறது. நாலு நாளைக்கு ஒருமுறை கழுவும் உங்களுக்கு இது இருக்காது என்றுதான் நினைக்கிறேன், பழைய தொட்டிகளில்தான் அதிகம். அப்படி இருந்தால் ஒரே நாளில் முழுக்கக் கிளறிவிடாதீர்கள். அந்த வாயுவும் மீனுக்கு விஷம். வாரம் ஒரு பகுதியாக உறிஞ்சி எடுங்கள். கல்லும் ஓர் அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. இன்றும் நாளையும் தீனி போடாதீர்கள். பையன் அழுவான், பரவாயில்லை. வளர்ந்த மீன் நாலைந்து நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே போவதை நிறுத்தினால் அமோனியா ஏறும் வேகமும் அடங்கும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். புதிதாக மீன் வாங்கிய வீட்டில் அப்பா ஒரு பிடி, பாட்டி ஒரு பிடி, பையன் நண்பர்களைக் கூட்டிவந்து ஒரு பிடி என்று ஆளாளுக்குப் போடுவதுதான் வழக்கம். நான் காலி மாத்திரை டப்பாவில் ஒரு வாரத்துக்கான தீனியை அளந்து போட்டுப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவேன். டப்பா காலியானால் அந்த வாரம் தீனி முடிந்தது.

அடுத்தது தண்ணீர். உங்கள் தொட்டி 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் என்று வைத்தால் நாற்பது லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக முப்பத்தைந்து தேறும். இன்று அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாளி மாற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை அறுத்து ட்யூபின் முனையில் செருகினால் கல்லை உறிஞ்சும் கருவி தயார். அதைக் கல்லில் மேலோட்டமாக நகர்த்தினாலே கழிவு ட்யூபில் ஏறிவிடும், கல் கீழே தங்கிவிடும். பிறகு இரண்டு வாரத்துக்கு, இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் பங்கு மாற்றுங்கள். தண்ணீர் மாற்றுவது வேறு, கழுவுவது வேறு. மாற்றினால் விஷம் குறையும், ஒட்டி வாழும் பாக்டீரியா இருந்த இடத்தில் இருக்கும். ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் மாற்றினால் வெப்பமும் பி.ஹெச்சும் (தண்ணீரின் அமில, கார அளவு) சட்டென்று மாறி மீன் அதிரும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக.

ஊற்றும் தண்ணீர் எது என்பது முக்கியம். குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீராக இருந்தாலும் லாரித் தண்ணீராக இருந்தாலும் பெரும்பாலும் குளோரின் இருக்கும். குளோரின் செவுளை எரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினை பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலந்து உடனே ஊற்றலாம். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். மோலிக்கு அது பிடிக்கும், கோல்டும் தாங்கும். ஒரு எச்சரிக்கை: கடினத் தண்ணீரில் பி.ஹெச் 8 வரை நிற்பது சாதாரணம். பி.ஹெச் 7-இல் இருக்கும் அதே அளவு அமோனியா 8-இல் கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம். வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறினால் இன்னும் கூடும். பக்கத்து வீட்டுத் தொட்டியில் பிழைக்கும் மீன் உங்கள் தொட்டியில் சாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பலாமா என்றால், வேண்டாம். அதில் தாது உப்பு மிகவும் குறைவு, பி.ஹெச் ஊஞ்சலாடும்.

ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகவே கூடாது. அடைத்துக்கொண்டு ஓட்டம் குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் இருக்கும் வாளியில் இரண்டு தடவை மெதுவாகப் பிழியுங்கள். பழுப்பாக, கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். அப்படியேதான் இருக்க வேண்டும். வெள்ளை வெளேர் என்று ஆக்கினால் மறுபடி முதல் நாள்.

காத்திருக்கும் காலத்தைக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. பாலில் உறை ஊற்றினால்தானே தயிர்? தெரிந்தவர் யாராவது ஆறு மாதத்துக்கு மேல் தொட்டி வைத்து, மீன் நோயில்லாமல் இருந்தால், அவர்களுடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை அறுத்துத் தரச் சொல்லுங்கள். அதே தொட்டித் தண்ணீரில் நனைத்து, கவரில் போட்டு, காயவிடாமல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் செருகிவிடுங்கள். ஆறு வாரம் ஒன்றிரண்டு வாரமாகச் சுருங்கும். கடைத் தொட்டிகளிலிருந்து வாங்காதீர்கள். சென்னை கொளத்தூரில் தெருத் தெருவாக மீன் கடை இருக்கிறது, நல்ல கடைகளும் இருக்கின்றன, ஆனால் எந்தக் கடையாக இருந்தாலும் நாள்தோறும் புது மீன் வந்திறங்கும் தொட்டியின் ஸ்பாஞ்சில் நல்லதோடு கெட்டதும் சேர்ந்து வரும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சிலது வேலை செய்கிறது, சிலது வெயிலில் கிடந்து செத்த பிறகு நம் கைக்கு வருகிறது. அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

முடிந்தால் தண்ணீரில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வகை சோதனைக் கிட் ஒன்று வாங்குங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்க முடிந்தால் போதும். இரண்டில் எது 0.5 பிபிஎம்மை (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) தாண்டினாலும் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகு "நல்லாத்தானே இருந்தது, திடீர்னு செத்துப்போச்சு" என்று பலர் சொல்வது இந்த நைட்ரைட் கட்டத்தில்தான். அது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் செய்யும், செவுள் பழுப்படிக்கும். அப்போது லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்து மெதுவாக ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் குளோரைடு வேறு, குளோரின் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் சொல்லியாக வேண்டிய விஷயம். முப்பத்தைந்து லிட்டரில் நான்கு கோல்டு என்பது ஒரு குளியலறையில் கூட்டுக்குடும்பம். உருண்டை கோல்டு வகைகளே ஒரு கைப்பிடி அளவுக்கு வளரும், நீளமான சாதா கோல்டு ஓர் அடி வரை போகும், கழிவும் எக்கச்சக்கம். மிச்சமிருக்கும் மூன்றையும் இரண்டடி, மூன்றடித் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு, மோலி, கப்பி என்று சின்ன மீனோடு தொடர்வதுதான் என் யோசனை. பையனுக்குக் கோல்டுதான் வேண்டும் என்றால் அடுத்த பிறந்தநாளுக்குப் பெரிய தொட்டி.

சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது விற்பதற்காகச் சொல்வது. அது பாசியைச் சுரண்டும், உண்மை. மீன் கழிவைத் தின்னாது. தானே நூல் நூலாகப் போட்டுக்கொண்டே இருக்கும். ஓர் அடிக்கு மேல் வளரும். அதையும் திருப்பிக் கொடுங்கள். கடையில் வாங்க மறுத்தாலும் பக்கத்து ஏரியில் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டவை பெருகித்தான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போடுபவர்களுக்குக் கெண்டைக்குப் பதில் முள் முள்ளாகச் சக்கர் ஏறுகிறது. அதை வாங்க ஆள் கிடையாது, வலையும் கிழிகிறது.

இன்னும் பத்து நாளில் பால் நிறம் தானாகவே கலையும். அதற்குப் பிறகு பச்சையாக மாறினால் அது மிதக்கும் பாசி. தொட்டி ஜன்னல் வெயிலில் இருக்கிறது என்று அர்த்தம், இடத்தை மாற்றிவிட்டு மூன்று நாலு நாள் துணி போட்டு மூடினால் போய்விடும். உள்ளே மரக்கட்டை ஏதாவது போட்டிருந்தால் டீத்தண்ணீர் நிறம் வரும், அது கெடுதல் இல்லை. வீட்டில் மணி பிளான்ட் இருந்தால் ஒரு கொடியை வெட்டி, வேர் மட்டும் தண்ணீருக்குள், இலை வெளியே இருக்கும்படி தொட்டியின் விளிம்பில் செருகுங்கள். நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை புது மீன் வாங்கக் கடைப் பக்கம் போகவே வேண்டாம். போனால் வெறுங்கையோடு வரமாட்டீர்கள், எனக்குத் தெரியும்.